போட்டதை எடுக்கிற பிள்ளை

அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை நாங்கள் அதை உலகம் முழுக்கத் தெரியப் போட்டது போதும். அவள் எங்கள் கந்தோர் வேலையை விட்டுப் போய்க் கனகாலம். என்றாலும் பெயர் இல்லாமல் ஒரு ஆளைப் பற்றி எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. என் தொழிலே பெயர் எழுதுவதுதான். மரண அறிவித்தல் எழுதுகிறவன் நான். இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் சகலன் என்று கொழும்பிலிருந்து கனடா வரைக்கும் இழுத்துக் கட்டவேண்டும். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் செத்தவரை மறந்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

கந்தோர் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே வெங்காயம் மூட்டை கட்டுவார்கள், மேலே நாங்கள் செத்தவர்களை அறிவிப்போம். ஊரில் யாராவது கண்ணை மூடினால் வீட்டுக்காரர் படத்தையும் விபரத்தையும் கொண்டுவந்து தருவார்கள். நான் அறிவித்தலை எழுதி, கலியாண வீட்டுப் படத்திலிருந்து தலையை வெட்டி எடுத்து ஒட்டிவிடுவேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் ஊரின் பெயரைச் சொல்லி எங்களிடம் பதிந்து வைத்திருந்தார்கள். உடுப்பிட்டியில் ஒரு சாவு என்றால் உடுப்பிட்டியார் அத்தனை பேருடைய போனுக்கும், அவர்கள் எந்தப் பனிக்குள் நின்றாலும், மெசேஜ் போய்ச் சேரும். அதை அனுப்புகிற புரோகிராமை எழுதிப் பார்த்துக்கொண்டவள் இந்தப் பிள்ளை. முதலாளி, நான், அவள். கந்தோரே அவ்வளவுதான்.

உடுப்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வந்தால் வந்த சத்தம் இருக்காது, போனால் போன அடையாளம் இருக்காது. தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பாள். பின்னேரம் போகும்போது கதிரையை மேசைக்குள் தள்ளி, யன்னலைச் சாத்தி, மேசையில் விழுந்த தலைமயிரைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போவாள். என் கணினியில் ஏதாவது திருத்த வந்தாளோ, அது ஒரு கூத்து. நான் திரையில் கோணல்மாணலாகத் திறந்து வைத்திருக்கும் பெட்டிகளை முதலில் நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் பழைய கோணலிலேயே திருப்பி வைப்பாள்.

"பிள்ளை, உதை நேராக்கி வைச்சால் என்ன குறைஞ்சு போவாய்?" என்று கேட்டேன்.

"உங்கடை மேசை அண்ணை. நான் வந்து போனது தெரியப்படாது."

ஒருநாள் என் கணினியில் தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வந்தது. 'ணை' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அவள் வந்து, ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து, ஏதோ ஒரு பெயரை அடித்து, அதற்கு ஏதோ ஒரு விலாசத்தையும் கொடுத்தாள். எழுத்தெல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. அன்று முழுக்க ராசா மாதிரி வேலை செய்தேன். அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால் கொம்பு மறுபடியும் தனியே நிற்கிறது.

"பிள்ளை, நேத்து என்னவோ செய்தனி, வேலை செய்தது. இண்டைக்கு என்ன வந்தது?"

"போகேக்கை எடுத்திட்டன் அண்ணை."

"வேலை செய்ததை ஆராவது எடுப்பினமே?"

"நான் போட்டதுதானே. உங்கடை கணினியிலை சும்மா கிடக்கப்படாது எண்டு..." என்று இழுத்தாள். முகம் சிவந்துவிட்டது. திரும்பவும் போட்டுத் தந்தாள், ஆனால் தன் கைப்பையை அடுத்தவன் வீட்டில் மறந்துவிட்டு வந்தவள் மாதிரி ஒரு கிழமைக்கு என் மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் இதை அடக்கம் என்று நினைத்தேன். நல்ல வளர்ப்பு என்று முதலாளியிடம் புகழ்ந்தும் இருக்கிறேன். பிறகுதான் விளங்கியது, அது வெட்கம். தான் ஒரு இடத்தில் இருப்பதே மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று அவள் எப்போதோ, யாரிடமோ படித்து வைத்திருந்தாள். "எங்களாலை ஆருக்கும் கரைச்சல் இருக்கக் கூடாது" என்பது அவள் வாயில் ஓயாமல் வருகிற பேச்சு. அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரைச்சல் கொடுக்காமல் யாழ்ப்பாணத்தில் யார் வாழ்ந்திருக்கிறார்கள்? நான் கொடுத்ததையும் வாங்கினதையும் எழுதினால் இன்னொரு கந்தோர் திறக்கவேண்டும்.

அவளுக்குக் கலியாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையும் உடுப்பிட்டிதான், சுவிஸில் இருக்கிறவன். லீவில் வந்து தாலி கட்டி, பதிவும் செய்து, கெதியாகக் கூப்பிடுவன் என்று சொல்லிவிட்டுப் போனவன். முதலில் நாள்தோறும் கதைத்தானாம். பிறகு கிழமைக்கு ஒருக்கா. அவள் எங்களிடம் வேலைக்கு வந்த காலத்தில் வருஷப்பிறப்புக்குக்கூட அவனிடமிருந்து போன் வந்து நான் காணவில்லை. எல்லாவற்றையும் மூடி வைக்கிற பிள்ளை, தன் போனை மட்டும் முகம் மேலே தெரியத்தான் மேசையில் வைப்பாள். அது மினுங்கினால் கை முதலில் போகும், கண் பிறகுதான் போகும். ஏதாவது விளம்பரமாக இருக்கும். கையைத் திருப்பி எடுத்துக்கொள்வாள்.

"என்ன பிள்ளை, எப்ப சுவிஸ்?" என்று முதலாளி காணும் நேரமெல்லாம் கேட்பார். மனிதர் கெட்டவரில்லை, நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

"அவருக்கு அங்கை சரியான வேலை. பேப்பர் அலுவல் நடக்குதாம்," என்பாள்.

நடக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், படியில் வெங்காயம் தூக்குகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவள் கேட்டது சுவிஸ் அல்ல. அவன் வாயால் ஒரு வார்த்தை. வா என்றால் வா, வராதே என்றால் வராதே. அந்த ஒன்றுக்காகத்தான் அந்தப் போன் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது.

இனி அந்தப் புரோகிராமைப் பற்றிச் சொல்லவேண்டும். வேறு வழியில்லை. புதிதாக ஏதாவது திருத்தினால் அதை அனுப்பிப் பார்க்கவேண்டும். அதற்காக ஊருக்கெல்லாம் பொய்ச்சாவு அனுப்ப முடியுமா? ஆகவே 'சோதனை' என்று ஒரு பெயர் வைத்திருந்தாள். புரோகிராம் எழும்பும்போது தன்னைச் சுற்றி என்னென்ன பெயர்கள் கிடக்கின்றன என்று பார்க்குமாம். 'சோதனை' கிடந்தால், இது விளையாட்டு என்று விளங்கிக்கொண்டு எல்லாவற்றையும் முதலாளியின் போனுக்கு மட்டும் அனுப்பும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பும். இப்படியான பெயர்களுக்குப் பாடப்புத்தகத்தில் சூழல் மாறி என்று சொல்வார்களாம். எனக்குச் சூழலும் விளங்கவில்லை, மாறியும் விளங்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் தொழிலுக்குள்ளேயே இறங்கினாள்.

"நீங்கள் ஒரு ஒழுங்கையாலை போறியள் எண்டு வையுங்கோ. ஒரு வாசலிலை வெள்ளைக்கொடி கட்டிக் கிடக்கு. என்ன செய்வியள்?"

"செத்தவீடு எண்டு சிரிச்சுக் கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டு, சைக்கிளை மெல்ல உருட்டிக்கொண்டு போவன்."

"கொடியிலை என்ன எழுதிக் கிடக்கு எண்டு வாசிப்பியளோ?"

"கொடியிலை ஆர் எழுதுறான்?"

"அதுதான் அண்ணை. கொடி கிடக்கோ இல்லையோ, அவ்வளவுதான். புரோகிராமும் எழும்பேக்கை ஒருக்காப் பாக்கும். பிறகு நீங்கள் கழட்டினாலும் கட்டினாலும் அதுக்குத் தெரியாது, திருப்பி எழுப்ப வேணும்."

இது முதலாளிக்கு விளங்கவில்லை. அவள் லீவில் நின்ற ஒருநாள் ஏழாலையிலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. மனிதர் தானே அனுப்புகிறேன் என்று உட்கார்ந்தார். தான் இல்லாத நேரம் எதுவும் தவறிப் போய்விடக்கூடாது என்று அவள் போட்டுவிட்டுப் போன 'சோதனை' என்ற பெயர் கிடப்பதைக் கண்டார். எடுக்கத் தெரியவில்லை. அதற்கு நேரே 'இல்லை' என்று அடித்தார். சோதனை இல்லை. எந்த மனிதன் வாசித்தாலும் சரியான பேச்சுத்தான். ஆனால் புரோகிராம் வாசிக்காது, பெயர் கிடக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வாசலில் வெள்ளைக்கொடியைக் கட்டி அதில் இங்கே சாவு இல்லை என்று எழுதின கதைதான். மெசேஜ் முதலாளியின் போனுக்கு மட்டும் வந்தது. "எனக்கே வந்திட்டுது, பிறகென்ன?" என்று மீசையைத் தடவிக்கொண்டு சாப்பிடப் போனார். ஏழாலைக் கிழவரின் தமக்கை கனடாவில் இருந்தார். தம்பி எரிந்து சாம்பலானபிறகு யாரோ சொல்லித்தான் அந்த மனுசிக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் அவள் வந்து விஷயத்தைக் கேட்டதும் அப்படியே வெளிறிப்போனாள். "இல்லை எண்டு எழுதினாலும் சரிவராது, வெறுமையா விட்டாலும் சரிவராது. பேரையே எடுக்க வேணும். போட்டால் எடுக்க வேணும் அண்ணை," என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். பிறகு, அந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். நான் என் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். செத்தவீட்டுக் கேற்றுக்கு உள்ளே போகாமல், வெளியேயும் நிற்காமல், நடுவில் நின்றாள். மகன்காரன் வந்து வாயில் வந்தபடி ஏசினான். கொள்ளிவைத்த கையோடு நிற்கிற ஆள், ஏசத்தானே செய்வான்.

"பிழை எங்கடை பக்கம்தான் ஐயா. நான்தான் கவனியாமல் விட்டிட்டன்," என்றாள்.

அவள் அன்று கந்தோரிலேயே இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிப்போனேன். நிலம் பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போல இருந்தது எனக்கு. திரும்பி வரும்போது, "அவையள் ஆரையாவது ஏசத்தானே வேணும். முதலாளியை ஏசினால் அவருக்குப் பிரஷர் ஏறிப்போம்," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆறுதல் எனக்கு!

அதற்குப் பிறகு 'சோதனை' விஷயத்தில் அவள் பேய்பிடித்த மாதிரி ஆகிவிட்டாள். போடுவாள், அனுப்பிப் பார்ப்பாள், உடனே எடுப்பாள், எடுபட்டதா என்று திரும்பவும் பார்ப்பாள். இப்போது விவரம் தெரிந்தவர்கள், அதைத் தலைகீழாக எழுதியிருக்க வேண்டும், பெயர் கிடந்தால்தான் ஊருக்குப் போகிறமாதிரி வைத்திருந்தால் பாதுகாப்பு என்கிறார்கள். அவளும் அதைத்தான் கேட்டாள். "ஓடுறதை ஏன் பிள்ளை நோண்டுறாய்?" என்று முதலாளி மறுத்துவிட்டார். இரண்டாம்முறை கேட்பது அவளுக்குக் கரைச்சல் கொடுக்கிற மாதிரி. கேட்கவில்லை.

சோதனைக்கு அனுப்புகிற அறிவித்தலில் யாருடைய பெயரைப் போடுவது என்பது இன்னொரு பிரச்சினை. முதலாளிக்கு அபசகுனம் என்றால் உயிர். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரும் போடக்கூடாது என்பார். நான் இல்லாத பெயராக ஒன்று கட்டிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் இல்லாத பெயர் எது? ஒருநாள் அறிவித்தல் கொடுக்க வந்த ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, அது தன் தகப்பனின் பெயர் என்று குதித்தார். தகப்பன் கீழே சந்தையில் வாழைக்குலை விலை பேசிக்கொண்டு நின்றார். அதோடு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் பெயரைப் போட்டாள்.

"விசர்ப்பிள்ளை, தன்ரை செத்தவீட்டுக்குத் தானே ஆராவது அறிவித்தல் போடுவினமே?" என்று கத்தினேன்.

"என்ரை பேரெண்டால் கோவிக்க ஆரும் இல்லைத்தானே அண்ணை," என்று சிரித்தாள்.

படத்துக்குப் பதிலாக ஒரு குத்துவிளக்கு. உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார். அன்னார் இன்னாரின் அன்பு மகளும், சுவிஸில் வசிக்கும் இன்னாரின் அன்பு மனைவியும் ஆவார். தொடர்புக்கு என் மேசைப் போனின் இலக்கம். பெயர் நீளுமா, வரி உடையுமா என்று பார்க்க மற்ற எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்து மாற்றுவாள். அன்பு மனைவி என்ற வரியை மட்டும் தொடமாட்டாள். ஒருமுறை என்னிடம் வந்து, "அண்ணை, அன்பு மனைவி எண்டு எழுதுறதோ, பாசமிகு மனைவி எண்டு எழுதுறதோ?" என்று கேட்டாள். நான் தொழில் கேள்வி என்று நினைத்து, அன்பு மனைவிதான் வழக்கம் என்றேன். சரி என்று போனாள். அவனோடு தன் பெயரைச் சேர்த்து எழுத அவளுக்கு இருந்த ஒரே இடம் அதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாரி தொடங்கின காலம் அது. அன்று காலையிலிருந்து நெட் வருவதும் போவதுமாக இருந்தது. நீளமான பெயர்கள் போனில் பாதியில் வெட்டுப்படுகின்றன என்று குறை வந்திருந்தது. அவள் அதைத் திருத்தி, 'சோதனை'யைப் போட்டு, தன் அறிவித்தலை அனுப்பினாள். திரையில் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. முதலாளியின் போனுக்குப் போயிருக்கும் என்று நினைத்தாள். முதலாளி ஒரு சொந்தக்காரரைப் பார்க்கத் தெல்லிப்பழைக்குப் போயிருந்தார். உண்மையில் நெட் இல்லாததால் அறிவித்தல் வரிசையிலேயே காத்து நின்றிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் அழுதுகொண்டு படியேறி வந்தது. பின்னேரம் தகனம், இப்போதே போடவேண்டும் என்றார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். அவள் 'சோதனை'யை எடுத்தாள். புரோகிராமை நிறுத்தித் திருப்பி எழுப்பினாள். பெயர் எடுபட்டுவிட்டதா என்று மறுபடியும் பார்த்தாள். நெட் வந்தது. வரிசையில் நின்ற இரண்டும் புறப்பட்டன. அவர்களுடையது அவர்கள் ஊருக்குப் போனது. அவளுடையது உடுப்பிட்டிக்குப் போனது.

"பேரை எடுத்தன் அண்ணை, அறிவித்தலை எடுக்கேல்லை," என்று பிறகு சொன்னாள். அவளுக்கு எடுக்க மறந்துபோன ஒன்று உண்டென்றால் அது அந்த ஒன்றுதான்.

என் மேசைப் போனின் காது செத்துக் கனகாலம். ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்கத்தான் கதைக்கலாம். முதல் அழைப்பு லண்டனிலிருந்து அவளுடைய மாமி, தகப்பனின் தங்கை.

"ஐயோ, என்ரை பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று அந்தக் குரல் வீரிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரே இருந்த அவளுக்கு விளங்கிவிட்டது. எழும்பி ஓடிவந்தாள்.

"மாமி, நான்தான் மாமி, நான் சாகேல்லை. குறை நினையாதேங்கோ, உங்களைச் சும்மா அழவைச்சிட்டன்."

அந்தப் பக்கம் மனுசி இன்னும் பெரிதாகக் கத்தியது. அழுகிறதா ஏசுகிறதா என்று தெரியவில்லை. அதை வைத்ததும் தாய்க்கு எடுத்தாள். "எணை அம்மா, ஆர் வந்து என்ன சொன்னாலும் நம்பாதை. நான் கந்தோரிலை இருக்கிறன்." சனம் ஏற்கெனவே வந்துவிட்டதாம். முற்றத்தில் கதிரை இறக்கியாயிற்றாம். கதிரை கொண்டுவந்தவனிடமும் தாயின் போனிலேயே மன்னிப்புக் கேட்டாள். பிறகு பரிஸ், பிறகு ஒஸ்லோ, பிறகு யாரென்றே தெரியாத ஒரு பள்ளிக்கூடச் சினேகிதி. ஒவ்வொருவரிடமும் உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டாள். முதலாளி மழையில் நனைந்தபடி படியேறி வந்து, அவளைக் கண்ணால் கண்டபிறகுதான் மூச்சு விட்டார். ஏசத்தான் வந்திருப்பார், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா ஒரு மூலையில் இருந்துவிட்டார்.

ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அவள் முதலில் இலக்கத்தைப் பார்த்தாள். அவனும் உடுப்பிட்டியான் என்று பதிந்து வைத்திருப்பான் என்ற எண்ணம் எனக்கும் வந்தது.

மத்தியானம் திரும்பியபிறகு வந்தது.

"வணக்கம். உடுப்பிட்டி அறிவித்தல் ஒண்டு பாத்தன். சுவிஸிலை இருந்து கதைக்கிறன்," என்று தன் பெயரைச் சொன்னான்.

"தம்பி, அது வந்து, ஒரு சின்னப் பிழை..." என்று நான் தொடங்கினேன். அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். யாரையும் கைகாட்டி நிறுத்துகிற பிள்ளை அல்ல அவள். அவள் முகத்தில் வெட்கத்தையும் மீறி ஒரு ஆசை வந்திருந்தது. அவன் தனக்காக அழுவதை ஒருமுறை கேட்கவேண்டும். யாருக்குத்தான் இருக்காது?

"எப்ப நடந்தது அண்ணை?"

"காலமை," என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினது மாதிரி ஏதோ கேட்டது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"உதை இப்ப கேக்கிறது முறையோ தெரியேல்லை," என்றான். "மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க எத்தினை நாள் செல்லும்? எனக்கு ஒரு பிரதி வேணும். இஞ்சை எனக்கொரு கலியாணப் பதிவு பழைய பதிவாலை இழுபட்டுக்கொண்டு கிடக்கு. அவளின்ரை வீட்டாரோடை நான் கதைக்க ஏலாது. நீங்கள் உந்த அலுவல் பாக்கிற ஆக்கள்தானே, ஒழுங்கு செய்து தரேலுமோ?"

மரியாதையாகத்தான் கேட்டான். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. முதலாளி தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை நிறுத்துகிற பொத்தான் எது என்று தேடினேன். இத்தனை வருஷம் அமத்திய பொத்தானைக் காணவில்லை.

"பத்திரம் இல்லை," என்று அவள் சொன்னாள்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

பிறகு அவன் கேட்டான்:

"அப்ப நீ சாகேல்லையோ?"

அந்தக் குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்கிறவனின் அலுப்பு மட்டும் இருந்தது.

"இல்லை," என்றாள். களவெடுத்துப் பிடிபட்டவள் ஒத்துக்கொள்கிற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அவன் வைத்துவிட்டான். அவள் நிமிரவில்லை. நாங்கள் இரண்டு ஆம்பிளைகள், இரண்டு பேருக்கும் பேச்சே தொழில். எந்தச் சாவுக்கும் ஏற்ற சொல் என்னிடம் உண்டு, பாம்பு கடித்த சாவுக்கும் உண்டு, கடலில் காணாமல் போனவனுக்கும் உண்டு. அன்று ஒரு சொல் வரவில்லை. கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்ட வெட்கம் என் காதைச் சுட்டது. உடுப்பைக் களைந்து சந்தைக்குள் நிற்கவிட்ட பிள்ளையைப் பார்க்கிறவன் எங்கே கண்ணை வைப்பான்? அந்தக் கூச்சம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

"அண்ணை, உது அம்மாவுக்குத் தெரியவேண்டாம்," என்றாள் கடைசியில். முதலாளியையும் பார்த்து அதையே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மறுப்பு ஒன்று போடத்தான் வேண்டும், சனம் இன்னும் போன் எடுத்துக்கொண்டிருக்குது என்றார்.

நான் எழுத உட்கார்ந்தேன். மறுப்பு அறிவித்தல் என்றால் முதல் அறிவித்தலில் இருந்த உறவுகளைத் திரும்பவும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் எந்த ஆள் என்று சனத்துக்கு விளங்காது. உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட என்று அடித்தேன். தகப்பனின் பெயரை அடித்தேன். அன்பு மகளும் என்று அடித்தேன். அடுத்த வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அவள் என் கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

"பிள்ளை, உந்த வரியை எடுத்துவிடட்டோ?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்தத் திரையிலேயே நிழலாகத் தெரிந்தது.

"இருக்கட்டும் அண்ணை. எடுத்தால், ஏன் எடுத்ததெண்டு ஊர்ச்சனம் கேக்கும்."

அவளை ஏசவேண்டும் போலிருந்தது. அவனை ஏசவேண்டும் போலிருந்தது. ஒருவரையும் ஏசாமல் சுவிஸையும் அவன் பெயரையும் அன்பு மனைவியையும் அடித்தேன். மேற்படி அறிவித்தல் தவறுதலாக வெளியானது, அன்னார் நலமுடன் இருக்கிறார் என்று முடித்தேன். அவள் என்னைக் கொஞ்சம் தள்ளியிருக்கச் சொல்லிவிட்டு, 'சோதனை' இல்லைத்தானே என்று தானே பார்த்து, தானே அனுப்பினாள். உடுப்பிட்டியார் எல்லாருக்கும் போனது. அவனுக்கும் போயிருக்கும்.